உன் சைக்கிளை மலையேற மாற்றிவிட்டேன்

அன்வர், நீயும் ஷமீமாவும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அல்லாஹ்வின் பாதுகாப்பில் நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கை வலி எப்படி என்று வரிசையாகக் கேட்கிறாய். நான் வேறு ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் உன் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், இல்லையென்றால் லைன் கரகரக்கிறது. போன வாரம், "வீட்டை ஒழிக்க ஆரம்பிச்சிட்டியாம்மா? பில்டர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றாய். "பார்க்கிறேன்டா" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணியை எடுத்து, மறுபடி அதே கொடியில் போட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் மழுப்பியது சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் அம்மாவுக்கு ஓரிடத்தில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள்ளேயே இரண்டு தரம் எழுந்துவிட்டேன்.

முதலில் உன் சைக்கிள் விஷயம். நீ வந்து ஷெட்டில் பார்த்தால் அடையாளம் தெரியாது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் மூன்று பல்சக்கரம் இருந்ததே, இப்போது ஒன்றுதான். இருப்பதிலேயே சின்னது. பின்பக்கம் இருந்த பல்சக்கரக் கொத்தைக் கழற்றிவிட்டு, தோசைத் தட்டு மாதிரி பெரிதாக ஒரு சக்கரம் உள்ள வேறு கொத்து போட்டிருக்கிறது. இடது கைப்பக்கம் இருந்த கியர் லிவரைக் காணோமே என்று தேடாதே. அதை எடுத்துவிட்டோம். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அத்தா அதை உனக்கு வாங்கித் தந்தது, நீ அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் அதில் கோவளம் வரை போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தாய். அத்தா வாசலில் நின்றுகொண்டு, வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். அன்று நீ வாங்கிய திட்டு இந்தத் தெருவுக்கே கேட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் உனக்குத் தோசை வார்த்தேன். அம்மா தன் பக்கம் என்று நீ நினைத்திருப்பாய். உண்மையில் எனக்கு உன்மேல் பொறாமை. கடல் எப்படி இருந்தது, காற்று எதிர்த்து அடித்ததா, வழியில் எங்கே டீ குடித்தாய் என்றெல்லாம் கேட்க வாய் துடித்தது. அத்தா எதிரில் கேட்க முடியவில்லை.

அத்தா போன பிறகு, இத்தா இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் நான் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தேன். நீ முதல் சில வாரங்கள்தான் கூட இருந்தாய், மற்றதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மனுஷருக்காக இருந்தேன், மனதார இருந்தேன். ஆனால் கால்கள் கேட்கவில்லை. அத்தாவின் டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, அதற்காகவே வேலையையும் விட்டு, கடைசியில் அவரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்று ஆனபோது எனக்கு ஒரு நாளை எப்படித் தள்ளுவது என்றே தெரியவில்லை. காலையில் மணிச் சத்தம் கேட்டு எழுந்து, பீரியட் பீரியடாக ஓடி, ஏழாம் வகுப்பில் பின்னத்தையும் பத்தாம் வகுப்பில் முக்கோணத்தையும் போட்டுவிட்டு வந்தவள் நான். இத்தா முடிந்ததும் வெளியே வந்தேன். ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஏறி ஊரப்பாக்கம் வரை போய், எதிர் பஸ்ஸில் திரும்பி வருவேன். அப்படி ஒரு நாள் குரோம்பேட்டையில், பஸ் நிற்பதற்குள் இறங்கித்தான் இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். 'ஸ்லிப் ஆயிட்டேன்' என்று உன்னிடம் சொன்னது அதுதான். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு மற்ற விரல்கள் மடங்கின. கட்டைவிரல் மட்டும் எதையும் அழுத்தாது. இன்றைக்கும் அப்படித்தான்.

மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் ரேவதியோடு நீ போனில் பேசியிருக்கிறாய். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை, தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்குவாள். நான் கேட் பக்கம் நின்று பார்ப்பேன். ஒரு நாள் அவளே நின்றாள். "ஆன்ட்டி, ஷெட்ல ஒரு மவுண்டன் பைக் தொங்குதே, யாரோடது?" என்றாள்.

"என் பையனோடது. அவன் இப்ப ஓட்டறதில்லை."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"பல்லாவரத்துல சின்னப் பொண்ணா இருக்கும்போது வாடகை சைக்கிள் ஓட்டியிருக்கேன். அதோட சரி."

"அப்ப தெரியும்ல? மறக்காது ஆன்ட்டி. காத்து அடிச்சு வெக்கறேன், வாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அந்த வாரம் முழுக்கத் தவித்துப்போனேன். அடுத்த ஞாயிறு சல்வார் கமீஸ் போட்டு, தலைத்துணியை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு, நம் தெருவிலேயே அங்குமிங்கும் ஓட்டினேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன, மூடின. மறுவாரம் ரேவதியோடு ராதா நகர் ரயில்வே கேட் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு வரை போனேன். கேட்டில் காத்திருந்தபோது சுற்றிலும் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். மின்சார ரயில் போகும்வரைதான் அந்தக் கூச்சம். கேட் தூக்கியதும் எல்லாருக்கும் அவரவர் அவசரம் வந்துவிட்டது, எனக்கும்தான்.

மேடு வந்தபோதுதான் பிரச்சினை. ஜி.எஸ்.டி. ரோட்டு மேம்பாலத்தில் ஏற, செயினை முன்பக்கச் சின்னச் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு இடது கட்டைவிரலால் லிவரை அழுத்த வேண்டும். என் விரல் அழுத்தாது. வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் அழுத்தப் பார்த்தேன், சைக்கிள் கோணிக்கொண்டு ஒரு ஆட்டோவின் முன்னால் போனது. ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ரேவதி பயந்துவிட்டாள். மறுநாள் காலையில் நானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் மோகனிடம் போனேன். நீ பங்சர் ஒட்டுவாயே, அதே மோகன்தான். இப்போது தொப்பை போட்டிருக்கிறார்.

"இன்னா டீச்சர், தம்பி வண்டிய விக்கப் போறியா?" என்றார்.

"இல்ல மோகன், நான் ஓட்டறேன். இடது கை லிவர் எனக்கு உதவாது. அது இல்லாம பண்ணணும்."

மோகன் என்னை ஒரு தரம் பார்த்தார், சைக்கிளை ஒரு தரம் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "அது ஒண்ணியும் பேஜார் இல்ல. லிவரக் கழட்டிட்டு செயின நடு வீல்ல வுட்டுடறேன். முன்னால அது ஒண்ணுதான். பின்னால மட்டும் வலது கையால மாத்திக்க" என்றார். அப்படியே செய்து தந்தார். அடுத்த ஞாயிறு மேம்பாலம் ஏறிவிட்டேன். மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டேன். அந்தத் திமிரில் அதற்கடுத்த வாரம் ரேவதியிடம், "பரங்கிமலைக்குப் போகலாமா?" என்றேன்.

பரங்கிமலை உச்சிக்குக் கார் போகிற ரோடு உனக்குத் தெரியும். கீழே இருந்து பார்த்தால் சாது மாதிரிதான் இருக்கும். முதல் திருப்பம் தாண்டியதும் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பின்னால் இருப்பதிலேயே பெரிய சக்கரத்தில்தான் செயின் ஓடியது, இனி மாற்ற ஒன்றுமில்லை. பெடல்மேல் எழுந்து நின்று மிதித்தேன், சைக்கிள் நகர மறுத்து நின்றது. இறங்கித் தள்ளினேன். ரேவதி எனக்காக இறங்கித் தள்ளியதுதான் எனக்கு அதைவிட அவமானமாக இருந்தது. "வயசு இல்ல ஆன்ட்டி, கியர்தான்" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, "சும்மா சொல்லாதே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு பேப்பரோடு கீழே இறங்கி வந்தாள். "நீங்க கணக்கு டீச்சர்தானே? நீங்களே போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டுப் பார்த்தேன். முன்னால் முப்பத்திநாலு பல், பின்னால் இருபத்தெட்டு. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு மேலேயே உருள வேண்டும். மேட்டில் அத்தனை பாரத்தை என் முழங்கால் தூக்க வேண்டும். முன்னால் சின்னச் சக்கரமான இருபத்திநாலு பல்லை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் முப்பத்திநாலு பல் உள்ளதைப் போட்டால், ஒரு சுற்று மிதிக்கும்போது பின்சக்கரம் முக்கால் சுற்றுகூட உருளாது. வண்டி மெதுவாகப் போகும், ஆனால் கால் நிற்காது. ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு. எத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன், ஒரு தரமாவது என் முழங்காலில் உணர்ந்ததில்லை. அன்று மத்தியானம் சாப்பிடக்கூட மறந்துபோய்ப் பல்லை மாற்றி மாற்றி வகுத்துக்கொண்டிருந்தேன்.

மோகன் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தக் குட்டி வீல் ஒண்ண மட்டும் வெச்சிகினு இன்னா பண்ணுவ டீச்சர்? மேடு ஏறிடுவ. ஃப்ளாட்டுல? காலு மிஷின் மாதிரி சுத்தும், வண்டி நவுராது. மார்க்கெட்டுக்குப் போயி வர்றதுக்குள்ள மீனு நாறிடும்."

"கால் சுத்தறதுதான் எனக்கு வேணும்" என்றேன்.

"அதான் பாத்தாலே தெரியுதே, ஒரு எடத்துல நிக்கிறியா நீ" என்றார். பிறகு பெடலோடு முன்சக்கரங்கள் பூட்டியிருக்கும் கிராங்கைத் திருப்பிக் காட்டினார். "இது மூணு வீலும் சேத்து ரிவெட் அடிச்சது. ஒண்ணக் கழட்டி ஒண்ண வெக்க முடியாது. போல்ட் போட்டது வேணும். பெரியமேட்டுலதான் கெடைக்கும்."

நானும் ரேவதியும் பெரியமேடு போனோம். ஒரு கடையில் வயசான முதலாளி, "யாருக்கும்மா? மகனுக்கா?" என்றார். "எனக்கு" என்றதும் எழுந்துபோய், உள்ளேயிருந்து இரண்டு மூன்றை எடுத்துவந்து மேஜைமேல் பரப்பினார். போல்ட் போட்ட கிராங்க் கிடைத்தது. பின்பக்கக் கொத்தும் கிடைத்தது. மோகன் அதில் இருந்த பெரிய முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். செயின் இப்போது நீளம் என்பதால் அதிலும் கொஞ்சம் வெட்டினார். கழற்றிய சக்கரம் ஒன்றின் பல்லையெல்லாம் கிரைண்டரில் வைத்து மழுங்கத் தேய்த்து, வெறும் வட்டத் தகடாக்கி வெளிப்பக்கம் பூட்டினார். "ஒன் பேண்ட்டு மாட்டாது, செயினும் இந்தப் பக்கம் வுழாது" என்றார்.

இந்தப் பக்கம் விழவில்லை. அந்தப் பக்கம் விழுந்தது. பரங்கிமலையில் போன தரம் நின்ற அதே திருப்பத்தைச் சந்தோஷமாகத் தாண்டி மேலே போகும்போது, ஒரு குழியில் ஏறி இறங்கியதும் செயின் கழன்று உள்பக்கம் விழுந்து, கால் வெறுமே சுற்றியது. நான் பக்கத்துப் புல்லில் சாய்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. கையெல்லாம் கரி. செயினை மாட்டினேன், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கழன்றது. மூன்றாவது தரம் நான் அழுதுவிட்டேன், அன்வர். அத்தாவின் மவுத்துக்குக்கூட அடக்கி அடக்கித்தான் அழுதேன், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அங்கே ரோட்டோரத்தில், கரிக்கையோடு, முகத்தையும் துடைக்க முடியாமல் அழுதேன். ரேவதி தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தாள். எழுந்தபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான். முன்பக்கம் செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற தகடு ஒன்று உண்டு. லிவர் போய்விட்டதால் அதற்கு வேலையில்லை என்று மோகன் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார். "அது செயினைத் தள்ளும்னா, அசையாம வெச்சா பிடிச்சுக்கவும் செய்யுமே?" என்று ரேவதி கேட்டாள். மோகன் அதை மறுபடி மாட்டி, அதன் திருகாணிகளை முறுக்கி அசையவிடாமல் செய்தார். செயின் அந்தத் தகட்டுக்கு நடுவில், வேலிக்குள் போகிற மாதிரி ஓடியது. கடை வாசலிலேயே சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தார். கழலவில்லை. "இப்ப கீது பாரு" என்றார். அடுத்த ஞாயிறு நான் பரங்கிமலை உச்சிக்கு நிற்காமல் ஏறினேன். நடந்து போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவு மெதுவாக. ஆனால் நான் நிற்கவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஏர்போர்ட் முழுவதும் தெரிகிறது. நீ பறந்துபோன அந்த ஓடுபாதையில் ஒரு விமானம் எழும்புவதைப் பார்த்தேன். எப்போதும் தலையைத் திருப்பிக்கொள்வேன். அன்று அது மறையும் வரை பார்த்தேன். யாரோ எங்கோ போகிறார்கள், நல்லபடியாகப் போகட்டும் என்று இருந்தது.

இதற்குள் ஊரில் பேச்சு ஆகிவிட்டது. உன் பெரியத்தா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டே, "என்னம்மா இது, ஜமாத்துல நாலு பேர் என்னைக் கேக்கறாங்க. தம்பி மவுத்தாகி எத்தனை நாளாச்சு? இந்த வயசுல ரோட்டுல சைக்கிள்ல போறது நல்லாவா இருக்கு?" என்றார்.

"மச்சான், ஸ்கூட்டர்ல போனா கேப்பாங்களா?" என்றேன்.

"அது வேற."

"எப்படி வேற?"

டீயை அப்படியே கீழே வைத்தார். கோபத்தோடு எழுந்தார். ஆனால் அவர் கெட்டவர் இல்லை, அன்வர். அத்தாவின் கடைசி நாட்களில் ரத்தம் தேடி அலைந்தவர் அவர்தான். வாசல் வரை போய்த் திரும்பி, "விழுந்து கையை காலை உடைச்சுக்கிட்டா யார் பாக்கறது?" என்றார். அவருடைய பயம் அதுதான். உன் பயமும் அதுதான். அவர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அன்று சாயங்காலமே நீ போன் செய்து, "அம்மா, அந்த சைக்கிளை யாருக்காவது குடுத்துடலாம்மா. டிக்கெட் போடறேன், இங்க வந்துடு. பாப்பா வந்துட்டா உனக்கும் பொழுது போகும்" என்றாய். நீ பிரியத்தோடுதான் சொன்னாய். எனக்கு 'பொழுது போகும்' என்பது மட்டும் காதில் நின்றது. இதுவரை நீ சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். பொழுது போவது என் பிரச்சினை இல்லைடா. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

பிறகு ரேவதியின் சைக்கிள் கூட்டாளிகள் ஏலகிரிக்குக் கிளம்பினார்கள். சைக்கிள்களையெல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் அடுக்கிக்கொண்டு, மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து மிதித்து ஏறுவதாகத் திட்டம். நானும் போனேன். இளவட்டங்கள் எல்லாரும் முதல் வளைவிலேயே மறைந்துபோனார்கள். ரேவதியை நானே போகச் சொன்னேன். எனக்காக இறங்கித் தள்ளுகிறவர்கள் இனி வேண்டாம். தனியாக ஏறினேன். சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம், மூச்சு, மறுபடி மூச்சு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இத்துடன் போதும் என்று தோன்றும், வளைந்த பிறகு அடுத்ததையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். குரங்குகள் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்தன. பஸ் ஒன்று என்னைத் தாண்டும்போது உள்ளேயிருந்த பெண்கள் கையசைத்தார்கள். இடையில் இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தேன், தள்ளவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டே முடித்திருந்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு முறை தட்ட மாட்டார்களா என்றும் இருந்தது.

அங்கே டீக்கடை வாசலில் ஒரு பையன், ரேவதியின் ஆபீஸ்காரன், "ஆன்ட்டி எப்படி தள்ளாம ஏறினீங்க, எனக்கே முட்டி போச்சு" என்றான். கீழே கிடந்த ஓட்டுத்துண்டை எடுத்து சிமெண்ட் தரையில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாம் வகுப்பு மாணவனை விரட்டுகிற மாதிரி, "சரி, இப்ப முன்னால முப்பத்திரண்டு வெச்சா என்ன வரும், சொல்லு" என்று கேட்டிருக்கிறேன் போல. பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கணக்கு டீச்சரா?" என்றார்.

"இருந்தேன்."

"நான் இங்க பக்கத்துல ஒரு ஸ்கூல் நடத்தறேன், பேரு கிரேஸ். ஹாஸ்டலும் இருக்கு, எல்லாம் மலைப் பிள்ளைங்க. கணக்குக்கு ஆள் நிக்கவே மாட்டேங்கறாங்க. மேல வந்து யாரு தங்கறது? மழைக்காலம் வந்தா ஓடிடறாங்க." பிறகு என் சைக்கிளைப் பார்த்தார். "நீங்க இதுலயா வந்தீங்க?"

அன்று வண்டி திரும்புவதற்குள் அந்தப் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். பிறகு உன்னிடம் சொல்லாமல், வாணியம்பாடியில் ஒரு கல்யாணம் என்று பெரியத்தாவிடம் பொய் சொல்லிவிட்டு, பஸ்ஸில் தனியாக மறுபடி போனேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பெண் பிள்ளைகள் முன்வரிசை, பையன்கள் பின்வரிசை, ஒருவரும் வாய் திறக்கவில்லை. விகிதமும் விகிதசமமும் எடுத்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நான் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டேன், அன்வர். வருகிற ஜூனில் சேருகிறேன். ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வீடு தருகிறார்கள். அது பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மேடு தள்ளி இருக்கிறது. உன் சைக்கிள் அங்கே வருகிறது. பயம் இல்லை என்றால் பொய். குளிர் ஒத்துக்கொள்ளுமா, தனியாக இருந்துவிடுவேனா, தொழுகைக்குப் பக்கத்தில் பள்ளிவாசல்கூட இல்லையே என்றெல்லாம் மனசு அலைபாய்கிறது. ஒரு நாள் காலையில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று போன் வரை போனேன். கையில் எடுத்தும்விட்டேன். ரிசீவரை வைத்துவிட்டு மாடியேறிப் போய் ரேவதியிடம் பழைய ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.

ஷமீமாவின் பிரசவத்துக்கு நான் வருவேன். அதில் சந்தேகமே வேண்டாம், டிக்கெட் போடு. பேறுகாலம் முடிந்து அவள் எழுந்து நடமாடும் வரை இருப்பேன், மருந்து அரைப்பேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன். பள்ளி திறப்பதற்கு முன் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு நான்தான் பதில் என்று நீ வைத்திருக்கிறாய். அந்தப் பதிலை நீ ஷமீமாவோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அவள் வேலைக்குத் திரும்ப விரும்புகிறாளா, எப்போது விரும்புகிறாள் என்று அவளிடம் கேட்டாயா? எனக்கு அவள் தனியாகப் போன் செய்தபோது உன் பேச்சில் இல்லாத பல விஷயங்கள் அவள் பேச்சில் இருந்தன. அவளுக்காக நீ பேசாதே, அவளைப் பேசவிடு. நீ பிறந்தபோது என் லீவு முடிந்து நான் பள்ளிக்குப் போன முதல் நாள், அத்தா ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் மத்தியானம் ஓடி வந்து பார்த்தபோது நீ தூங்கியிருந்தாய், அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். உட்கார்ந்தால் நீ விழித்துவிடுவாயாம். ஆடாமல் அசையாமல் இருக்கிற மனுஷர் உனக்காக அப்படி நடந்தார். நீ அந்த மனுஷரின் மகன். உனக்கும் அது வரும்.

வீட்டை உன் விருப்பப்படி செய். பில்டருக்குக் கொடுப்பதானாலும் எனக்கு வருத்தமில்லை. நான் இந்தச் சுவர்களைப் பிடித்துக்கொண்டு அழுவேன் என்று நீ பயந்து பயந்து பேசுவது எனக்குத் தெரிகிறது. இந்த வீட்டின்மேல் உயிராக இருந்தவர் அத்தா. நான் அவர்மேல் உயிராக இருந்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ரேவதிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளப் போதுமான அவகாசம் கொடு. பெரியத்தாவிடம் நானே சொல்கிறேன். நீ எனக்கு முந்திக்கொண்டு சொல்லாதே. அவர் கத்துவார், பிறகு ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு வந்து நிற்பார், எனக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று ஷமீமாவிடம் சொல், உன் சிநேகிதர்களிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் கூப்பிடாமல் இரு. கோபம் ஆறியதும் கூப்பிடு. ஜூனுக்குப் பிறகு என்றால் காலையில் கூப்பிடாதே, வகுப்பில் இருப்பேன்.

உனக்காகவும் வரப்போகிற பிள்ளைக்காகவும் ஐந்து வேளையும் துஆ கேட்கிற,
அம்மா